குளிர் காலத்தில் டீஸல் லாரிக்கு ஏற்ற எண்ணெய்

கனடா தேசத்தின் மானிடோபா, ஸஸ்காச்சுவான் மாகாணங்களில் குளிர் காலத்தில் உஷ்ணம் சூன்யத்திற்குக் கீழ் 30 டிகிரி சென்டிகிரேடுக்கும் இறங்குவதுண்டு. அங்குத் தானியம் ஏற்றும் டீஸல் லாரிகளுக்கு எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் குடியானவர் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும்.

டீஸல் யந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டினாலேயே எரிபொருள் பற்றுகிறது. குளிரில் எண்ணெய் தடித்துவிட்டால், கிளப்பும்போது யந்திரம் மெதுவாகச் சுழலும். போதிய சூடு பிறவாது. ஒருவாறு கிளம்பினும், எண்ணெய் பேரிங்குகளை எட்டத் தாமதமாகி அவை தேய்ந்து கெடும்.

டப்பாவின்மேல் '15 டபிள்யூ-40' என்பது போன்ற குறி காணப்படும். 'டபிள்யூ' குளிர் காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய எண்ணெய் குளிரில் எளிதில் ஓடும். பின்னுள்ள எண் சூடேறிய யந்திரத்தில் எண்ணெயின் தடிப்பைக் காட்டும். கிளப்புவதற்குரிய சோதனை 15 டபிள்யூ எண்ணெய்க்குச் சூன்யத்திற்குக் கீழ் 20 டிகிரியிலும், 5 டபிள்யூ எண்ணெய்க்கு 30 டிகிரியிலும், 0 டபிள்யூ எண்ணெய்க்கு 35 டிகிரியிலும் நடத்தப்படுகிறது.

ஆகையால் கடுங்குளிருக்கு 5 டபிள்யூ-40 அல்லது 0 டபிள்யூ-40 உத்தமம். ஆயினும் அது டீஸலுக்கென்று குறிக்கப்பட்டதாகவும், லாரியின் கைப்புத்தகம் அனுமதிப்பதாகவும் இருத்தல் அவசியம். இரவில் மின்சார ஹீட்டரால் யந்திரத்தைச் சூடாக வைத்திருப்பதும் பெரும் பயன் தரும்.