பழைய டிராக்டரைப் பேணுதலும் மேம்படுத்துதலும்

சென்னையில் டிராக்டர் உற்பத்திக்கென ஒரு கம்பெனி 1960-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காலத்தில், ஊருக்குள் ஒரு டிராக்டர் வந்தால் அதைக் காண ஊரே திரளும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று ஏர் மாடுகள் அருகிவிட்டன. உழவுக்கும், அறுவடைக்குப் பின் நெல்லையும் வைக்கோலையும் வீடு சேர்ப்பதற்கும் டிராக்டரையே நம்ப வேண்டியிருக்கிறது. புதிய வண்டியின் விலை சிறு விவசாயிகளின் சக்திக்கு மேற்பட்டதாக இருப்பதால், பலர் பிறர் ஓட்டிய வண்டியை வாங்குகின்றனர். சில இடங்களில் மூவரோ நால்வரோ பணம் சேர்த்துக் கூட்டாக வாங்குகின்றனர். இதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. வாங்கிய மறுநாளே வண்டியை வயலில் இறக்கிவிடும் வழக்கந்தான் பெருந்தீங்கு விளைவிக்கிறது.

நமது வட்டாரத்தில் நடந்த ஒன்றைக் கூறுவோம். அடுத்தடுத்து நிலமுள்ள நான்கு விவசாயிகள், சம்பா நடவுக்குச் சற்று முன்பாக, பன்னிரண்டு ஆண்டு ஓடிய டிராக்டர் ஒன்றை வாங்கினர். புதிதாக வர்ணம் பூசியிருந்ததால் வண்டி கண்ணுக்கு அழகாகவே இருந்தது. வெப்பங்காட்டும் முள் எப்போதும் கீழேயே நின்றது. அது பழுதான முள் என்பதை அறியாமல், எவ்வளவு ஓட்டினாலும் என்ஜின் சூடாவதில்லை என்று அவர்கள் மகிழ்ந்தனர். ஒன்பதாம் நாள், தொளி உழவின் நடுவில், என்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே வைக்கோல் தூசியும் சேறும் கெட்டித்துப் போயிருக்க, அதன் மேலேயே வர்ணம் அடித்திருந்தது தெரியவந்தது. விசிறி வாரும் தொய்ந்து கிடந்தது. பிஸ்டன்கள் லைனரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

பழுது பார்க்க மூன்று வாரத்திற்கு மேலாயிற்று. நாற்றங்காலில் நாற்று முற்றியது. நடவுக் காலமாதலால் வாடகை வண்டியும் எளிதில் கிடைக்கவில்லை. இருவர் வேறிடத்தில் நாற்றை விலைக்கு வாங்கி நட்டனர். ஒருவர் தமது ஒரு ஏக்கரைத் தரிசாகவே விட்டுவிட்டார். பட்டறைக் கூலியைவிடப் பருவம் தவறியதால் வந்த நஷ்டமே பெரிதாயிற்று. அவர்கள் கடன் கேட்டு நம் அலுவலகத்திற்கு வந்தபோது, ரேடியேட்டரை எப்போது கழுவினீர்கள் என்றுதான் முதலில் கேட்டோம். அந்தக் கேள்வியை முன்பே ஒரு பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்டிருக்கலாகாதா என்ற எண்ணம் நம்மை உறுத்தியது. இக்கட்டுரை எழுதுவதற்கு அதுவே காரணம்.

விலை பேசுமுன்

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடலாகாது. ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் மாதச் செப்பனிடலுக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சிய தொகைக்குள் விலை பேச வேண்டும் என்பது நம் கருத்து. ஒதுக்கிய பணம் செலவாகாமல் மிஞ்சினால் நல்லதே. அப்படி மிஞ்சக் கண்டதில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாட்காலை வருவதாகக் கூறித் திரும்பிவிடலாம். காலையில் முதன்முறை கிளம்பும்போதுதான் என்ஜினின் உண்மை நிலை தெரியும். ஓடும் நிலையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து புகை விட்டு விட்டுப் பலமாக வெளியேறினால், பிஸ்டன் வளையங்களும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சுமையின்போது கரும்புகை மிகுந்தால் காற்றுப் போதவில்லை அல்லது டீசல் அளவுக்கு மீறுகிறது. ஆயில் பாலைப்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. அவ்வண்டியைத் தொடாமலிருப்பதே மேல்.

மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை நம்பிவிடக் கூடாது. அதை மாற்றுவது எளிது. கிளச்சு, பிரேக்கு மிதிகளின் தேய்மானமும், பின்புற இணைப்புக் கம்பிகளில் உள்ள துளைகள் எவ்வளவு நீண்டுவிட்டன என்பதும் உண்மையைச் சொல்லிவிடும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்தில் 1955-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. வாங்க எண்ணும் மாதிரியின் அறிக்கை கிடைத்தால், அதன் சக்தியையும் டீசல் செலவையும் விற்பவர் வாய்மொழியின்றியே தெரிந்துகொள்ளலாம்.

பத்திரங்களின் விஷயம் சுருக்கமானதே. அலட்சியம் செய்வோர்தாம் மிகுதி. பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், 35-ஆம் எண் படிவத்தில் வங்கியின் ஒப்பம் பெற்று அதை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்கள் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. விற்றவர் பெயரிலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் விபத்து நேர்ந்தால், விற்றவர், வாங்கியவர் இருவருமே கோர்ட்டுக்கு நடக்க வேண்டிவரும்.

முதல் வாரம்

வண்டி வீடு வந்தபின் ஒரு வாரமாவது அதை வயலுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டும். விற்றவர் நேற்றுத்தான் ஆயில் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும், என்ஜின் ஆயிலையும் அதன் வடிகட்டியையும் டீசல் வடிகட்டிகளையும் புதிதாக மாற்றிவிடுவதே முறை. அன்றைய மணிக்கணக்கைக் குறித்துக்கொண்டால், அடுத்த மாற்றத்துக்கு அதுவே தொடக்கம். பெரும்பாலான வண்டிகளுக்கு 250 மணிக்கு ஒரு முறை என்பது கணக்கு. பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு இதைவிடக் குறைவு. கம்பெனிக் கையேடு தவறியிருந்தால், விற்பனையாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். அக்கையேட்டுக்கு மாறாக யார் சொன்னாலும், நாமே சொன்னாலும், கேட்க வேண்டியதில்லை.

கியர்ப் பெட்டியின் ஆயிலைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் கிளப்புமுன், அடித் திருகை மெல்லத் தளர்த்தினால், தண்ணீர் கலந்திருக்குமாயின் அதுவே முதலில் வடியும். தொளியில் உழைத்த வண்டிகளில் அச்சு வாயிலாகச் சேற்றுநீர் உட்புகுவது சாதாரணம். பல மாதிரிகளில் கியருக்கும் சுமைதூக்கிக்கும் ஒரே ஆயில்தான். ஆகவே கலப்பை மெதுவாகத் தூக்கப்படுகிறது என்று சுமைதூக்கியைப் பழிப்பதற்கு முன்னால், ஆயிலைப் பார்ப்பது நல்லது. முன்சக்கரக் குடங்களைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு தொளிப் பருவத்தைக் கடத்தியவர்கள் அடுத்த பருவத்தில் பேரிங்கு வாங்குகிறார்கள்.

ரேடியேட்டரை என்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கும். வெப்பங்காட்டும் முள் வேலை செய்யாவிட்டால், அதைச் சீர் செய்யும்வரை உழவு கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. குளிரும்வரை பொறுக்க வேண்டும்.

காற்று வடிகட்டியைப் பற்றிச் சிறிது விரித்துக் கூற வேண்டியிருக்கிறது. ஏனெனில், என்ஜின்களைக் கொல்வது பெரும்பாலும் தூசியே. பழைய டிராக்டர்கள் பலவற்றில், அடிக்கிண்ணத்தில் ஆயில் நிரப்பிய வடிகட்டி இருக்கும். உள்ளிழுக்கப்படும் காற்று அந்த ஆயிலைத் தடவிச் செல்கையில் தூசி அதில் தங்குகிறது. புழுதி உழவுக் காலத்தில் இக்கிண்ணத்தை நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டும். அடியில் வண்டல் கட்டியிருந்தால், டீசலில் கழுவித் துடைத்து, குறிக்கப்பட்ட கோடு வரையில் ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் என்ஜின் அதை உறிஞ்சிவிடும். குறைந்தால் தூசி உள்ளே போகும். காகித வடிகட்டி உள்ள வண்டிகளில், அதைத் தரையில் அடித்துத் தட்டுவது கூடவே கூடாது. வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும், வடிகட்டி இருந்தும் இல்லாததே. மாலையில் வேலை முடிந்ததும் டீசல் தொட்டியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் உள்ளே நீர் கோப்பது குறையும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

வண்டி சீரானதும், அதை மேம்படுத்தும் ஆசை எழுவது இயற்கை. ஆனால் நாம் காண்பதென்ன? முதற் செலவு பாட்டுப் பெட்டிக்கும், முன்புற இரும்பு முட்டுக்கும், கலர் விளக்குகளுக்கும் போகிறது. அடுத்து, டீசல் பம்பைத் திருகிவிட்டால் சக்தி கூடும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்துவிடுகிறார்கள். கூடுவது கரும்புகையும் வெப்பமும் டீசல் செலவுமே. கம்பெனியின் அமைப்புக்கும் பதிவுச் சான்றின் விவரங்களுக்கும் மாறாக வண்டியைத் திருத்துவதை மேற்சொன்ன சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது.

பணம் முதலில் போக வேண்டிய இடம் பிரேக்கு. இடது வலது மிதிகள் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கும்படி சரிசெய்து, சாலையில் போகும்போது அவற்றைக் கொக்கியால் இணைத்திருக்க வேண்டும். வேகத்தில் ஒருபக்கப் பிரேக்கு மட்டும் பிடித்தால் வண்டி கவிழும். பழைய மாதிரிகள் சிலவற்றின் பிரேக்கு உலர்தட்டு வகையைச் சேர்ந்தது. தொளியிலிருந்து ஏறியவுடன் அது பிடிக்காது. வரப்பேறியதும் சிறிது தூரம் மெல்ல ஓட்டி, மிதித்துப் பார்த்த பின்னரே சாலைக்கு வர வேண்டும்.

அடுத்து, பின்புறச் சுழல்தண்டின் மூடி. இத்தண்டை ஓட்டுநர்கள் பி.டி.ஓ. என்பர். நம்மையும் கிராமத்தார் பி.டி.ஓ. என்றே அழைப்பதால், “பி.டி.ஓ. சுற்றவில்லை” என்று ஒருவர் தொலைபேசியில் கூறியபோது, சுற்றுப்பயணம் வராததைக் குறை கூறுகிறாரோ என்று சற்றுத் திகைத்தோம். அத்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்றுச் சுழல்வது. வேட்டி முனையோ துண்டோ முந்தானையோ அதில் சிக்கினால், கையை எடுக்க நேரமிராது. கைமாறிய வண்டிகள் பலவற்றில் இம்மூடி தொலைந்திருக்கும். அதை வாங்கிப் பொருத்தாமல் சுழல்கலப்பையையோ கதிரடிப்பானையோ இணைக்க வேண்டாம்.

மூன்றாவது, கவிழ்காப்புச் சட்டம். டிராக்டர் பின்புறமாக மல்லாந்து விழுவதற்கு ஒன்றரை விநாடி போதும். குதித்துத் தப்புவது நடவாத காரியம். சேற்றில் புதைந்த சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி ஏற்ற முயல்வதும், சங்கிலியை இழுப்புக் கம்பியில் மாட்டாமல் மேலே மாட்டி இழுப்பதும் இவ்விபத்தை வருவிப்பன. ஸ்வீடன் நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு இச்சட்டத்தைக் கட்டாயமாக்கினர். அதன் பின்னர் அங்கு இவ்வகை மரணங்கள் மிகவும் குறைந்தன. நம்மூரில் வெயிலுக்குப் போடும் கூரையைச் சிலர் காப்பென்று எண்ணுகின்றனர். அது நிழல் தருமேயன்றி உயிர் காக்காது. ஊர்ப் பட்டறையில் வளைத்துப் பற்றவைத்த குழாயும் அப்படியே. அந்த மாதிரிக்கெனச் சோதித்துச் செய்யப்பட்ட சட்டத்தை இருக்கைப் பட்டையுடன் கேட்டு வாங்க வேண்டும்.

இரவில் வைக்கோலோ கரும்போ ஏற்றிச் செல்லும் டிரெய்லர், பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பது கிராமச் சாலைகளில் அன்றாடக் காட்சி. பின்விளக்கும், சிவப்பு ஒளிப்பட்டைகளும் அதிகச் செலவல்ல. பஞ்சாயத்து உறுப்பினர்கள், தங்கள் ஊரிலுள்ள டிரெய்லர்கள் எல்லாவற்றையும் அறுவடைக்கு முன்னர் ஒரு நாள் மாலை வரிசையாக நிறுத்திப் பார்த்துவிடலாம். மட்கார்டின் மேல் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதையும் அன்றே பேசி நிறுத்தலாம்.

இவற்றின் பின்னரே கருவிகள். 45 குதிரைத்திறன் வண்டிக்கு ஏறத்தாழ 5 அடிச் சுழல்கலப்பை பொருந்தும். அகலத்தின் மேல் ஆசைப்பட்டால் என்ஜினும் கியரும் தளரும். கூண்டுச் சக்கரங்களைத் தொளிக்கு மட்டும் பூட்டிக் கழற்ற வேண்டும். தார்ச்சாலையில் அவற்றோடு ஓட்டினால் சாலையும் கெடும், அச்சும் கெடும். பின்டயர்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினால் இழுப்பு நன்றாகும். இது செலவற்ற மேம்பாடு. எனினும் சாலை வேலைக்கு மட்டுமே ஓடும் வண்டிக்கு வேண்டியதில்லை.

கூட்டாக வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நால்வருக்கும் பின்னர் மனவருத்தம் வந்தது என்ஜினால் மட்டுமன்று. எவர் எத்தனை மணி ஓட்டினார், பழுதுச் செலவில் எவர் பங்கு எவ்வளவு என்பது எழுதப்படாமையாலும் வந்தது. இப்போது அவர்கள் இருக்கைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். வண்டியை எடுப்பவர் மீட்டர்க் கணக்கை எழுதிக் கையெழுத்திட்டு எடுக்கிறார். விடுபவர் எழுதி விடுகிறார். மணிக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் செலுத்தும் தொகை கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் சேர்கிறது. ஆயிலும் வடிகட்டியும் அதிலிருந்தே வாங்கப்படுகின்றன. ரேடியேட்டரைக் கழுவிய தேதிக்கென அப்புத்தகத்தில் தனியே ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார்கள்.