டயரின் பலம் கலவையில்

டயர் வாங்கும்போது நம்மில் பலர் விலையையும் வெட்டின் ஆழத்தையும் மட்டுமே பார்க்கிறோம். உண்மையான பலம் இறப்பர் கலவையில்தான் இருக்கிறது.

தனி இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சூடாக்கி இக்குறையைப் போக்கினார். பின்னர் சேர்க்கப்பட்ட காபன் கரி தேய்மானத்தைக் குறைத்தது. டயரின் கறுப்பு நிறமும் அதனால் வந்ததே. இன்று சிலிக்காவும் சேர்க்கிறார்கள். ஈரப் பாதையில் பிடிப்புக் கூடுகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது.

ஆனால் எவ்வளவு நல்ல கலவையும் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் நாளடைவில் வெடிக்கத் தொடங்கும். எனவே டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத் தயாரிப்பு.

நாட்பட்டுக் கிடந்த டயரைப் புதிதென்று விற்பது பிறர் உயிரை வைத்துச் செய்யும் வியாபாரம். திகதியைக் காட்டி விற்கும் வியாபாரத்தில்தான் பரகத் உண்டு என்பது என் அனுபவம்.