பழைய சீமை வேனுக்கு மெக்கானிக் தேடுவோருக்கு

சாந்தோம் கடற்காற்றில் வருஷக்கணக்காக நின்றுவிட்ட பழைய வோக்ஸ்வாகன் வேன் ஒன்று, பிதுரார்ஜிதமாகவோ ஆசைப்பட்டு வாங்கியோ ஒருவர் வசம் வந்து சேருமானால், அதைப் பழுது பார்க்கத் தகுந்த ஆளைக் கண்டுபிடிப்பதே அவருக்கு முதற்பெருங்காரியம் ஆகிவிடுகிறது. 1979 வரை ஜெர்மனியில் செய்த அவ்வகை வேன்களில் எஞ்சின் பின்புறம் இருக்கிறது. ரேடியேட்டர் என்பதே கிடையாது. விசிறிக் காற்றே அதைக் குளிர்விக்கிறது. ஆதலால் ஸ்டாண்டர்டு வேனிலும் மாட்டடாரிலும் தேர்ந்த கைகூட இங்கே சற்றுத் திகைப்பது சகஜம்.

ஆளைத் தேடுமுன் வண்டியை அறிந்துகொள்ளுதல் அவசியம். 1600 சி.சி. எஞ்சினாயின் ஜெனரேட்டர் பீடத்தின் கீழே எஞ்சின் நம்பர் வெட்டப்பட்டிருக்கும். அதைத் துடைத்துப் படித்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் எவரேனும் எஞ்சினை மாற்றியிருந்தால், சாமான் வாங்கும்போதும் பதிவு புதுப்பிக்கும்போதும் அது சங்கடமாக முளைக்கும்.

அடுத்தது விசாரணை. கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் நுழைந்து இந்த வண்டி பார்ப்பீர்களா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. "பார்த்துடலாம் சார்" என்ற பதில் எங்கும் தாராளமாகக் கிடைக்கும். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் விசாரிக்கலாம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பைச் சேர்ந்தவர்களிடமும் கேட்கலாம். ஆயினும் என் அபிப்பிராயத்தில் லேத் பட்டறைக்காரரின் சொல்லுக்கே மதிப்பு அதிகம். எந்த மெக்கானிக் அளவெடுத்துக் குறித்துக்கொண்டு வருகிறார், எவர் "சும்மா கொஞ்சம் தேச்சுக் குடுங்க" என்கிறார் என்பதையெல்லாம் நாள்தோறும் பார்க்கிறவர் அவர். வண்டிச் சொந்தக்காரரிடம் பொய் சொல்ல அவருக்கு முகாந்தரமும் இல்லை.

இரண்டு மூன்று பெயர்கள் கிடைத்த பின், நேரில் போய்ப் பேச வேண்டும். "டாப்பெட் எப்ப அட்ஜஸ்ட் பண்ணுவீங்க அண்ணே?" என்று கேளுங்கள். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பிறகே அந்த வேலை செய்யத்தக்கது; இடைவெளி 0.15 மில்லிமீட்டர். "ராத்திரி முழுக்க ஆறட்டும் சார், காலையில கை வைக்கலாம்" என்பவர் விஷயம் தெரிந்தவர். சூட்டோடு ஸ்பானரை எடுப்பவரிடம் வணக்கம் சொல்லி விடைபெறலாம். ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்றும் கேட்டுப் பாருங்கள். பெல்ட் அறுந்தால் ஜெனரேட்டரோடு குளிர்விக்கும் விசிறியும் நின்றுபோகும். ஆகையால் அந்தக் கணமே வண்டியை நிறுத்த வேண்டும் என்பதே சரியான விடை. பெட்ரோல் குழாய்களை அவராகவே தொட்டுப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய் அதில் இளகி வெடித்து, சூடான எஞ்சின்மீது சொட்டினால் தீப்பற்றும். எஞ்சின் கூடோ மக்னீசியக் கலவை. பற்றினால் அணைப்பது மிகக் கடினம்.

பேச்சில் தேறியவருக்கு முதலில் சிறு வேலையாக ஆயில் மாற்றக் கொடுத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். 1600 எஞ்சினுக்கு இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். காகித ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு வலை மட்டுமே. அந்த வலையின் மூடியை ஆறு சிறிய நட்டுகள் பிடித்திருக்கின்றன. புதிய கேஸ்கெட் போட்டு, அவற்றை மிருதுவாக மாறிமாறி முடுக்குபவர் பொறுமைசாலி. முழுப் பலத்தோடு முறுக்குபவர் மென்மையான கூட்டிலிருந்து ஸ்டட்டையே பிய்த்துவிடுவார். மனிதரை எடைபோட இதைவிட மலிவான பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

டிங்கரிங் வேலைக்கு ஆள் வேறு. உப்புக்காற்று தின்ற தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்காமல், பட்டி பூசிப் பெயின்ட் அடித்துத் தருவோர் பலர். ஒரு காந்தம் கொண்டுபோனால், அது ஒட்டாத இடங்கள் உண்மையைச் சொல்லிவிடும்.

பணவிஷயத்தில் கூச்சம் வேண்டாம். எஸ்டிமேட்டைக் காகிதத்தில் வாங்குங்கள், சாமான் வாங்க மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள், கழற்றிய பழைய சாமான்களைத் திரும்பக் கேளுங்கள், ஆர்.சி. புத்தகத்தைப் பட்டறையில் விட்டு வராதீர்கள்.

கடைசியாக, பதிவு. பதினைந்து வருஷம் கடந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷத்துக்கு மேற்பட்ட இறக்குமதி நான்குசக்கர வண்டிக்கு 2025-ஆம் வருஷத்து விதிப்படி கட்டணம் 80,000 ரூபாய். ஐம்பது வருஷம் கடந்திருந்தால் 2021-ஆம் வருஷத்து விதியின்கீழ் விண்டேஜ் பதிவு பெறலாம். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அநுமதி இல்லை. எனவே மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீஸில் பணம் கட்டுமுன், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார்த்திச் சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டி, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இன்ஸ்பெக்டர் முன் தேறுமா என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.