வரப்புக் கீரையும் களைக்கொல்லியும்

முதல் மழைக்குப்பின் மானாவாரிக் காடுகளில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் தாமே முளைக்கின்றன. களை என்று பெயர். பல வீடுகளில் அன்றைய குழம்பே அதுதான். ஆனால் களைக்கொல்லி தெளித்த நிலத்தில் இவற்றைப் பறிக்கலாகாது. 2,4-டி, கிளைபோசேட் ஆகியவை செடிக்குள் ஊடுருவிப் பரவுபவை. எவ்வளவு அலசினாலும் போகமாட்டா. தெளித்துச் சில நாள்வரை இலை பச்சையாகவே இருக்கும். பறிக்க வரும் பெண்களுக்கு எப்படித் தெரியும்? தெளித்தவர்தான் சொல்ல வேண்டும்.

கொல்லையில் ஒரு பாத்தி போட்டுக்கொண்டால் இந்தக் கவலையில்லை. முற்றிய பண்ணைக்கீரைக் கதிரைக் கசக்கினால் பளபளப்பான கறுப்பு விதை உதிரும். பொடி விதையாதலால் மணலுடன் கலந்து தூவி, லேசாகக் கிளறிவிடவும். அரிசி களைந்த நீரை ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம். பூக்குமுன் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். இரண்டு செடிகளை விதைக்கு விட்டுவையுங்கள்.