அறுபட்ட வாள்கள் அளித்த விடை

நுழையும்முன்

பழம்பொருளைப் பாதுகாத்தல் என்பது அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு பொருள் தன்னுள் தாங்கியிருக்கும் அறிவை வெளிக்கொணர, சில வேளைகளில் அப்பொருளின் ஒரு பகுதியையே இழக்க நேரிடும். வாள்களைத் தேடித் தொகுத்த ஒருவர், அவற்றுள் சிலவற்றை அறுப்பதற்குக் கொடுத்தார். அந்தத் துண்டுகள், தென்னிந்திய உலைக்களங்களில் பிறந்த ஓர் எஃகின் மறைபொருளை மூன்று தலைமுறைகளுக்குப் பின்னர் உலகிற்கு உணர்த்தின. அவ்வரலாற்றை இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

வாள் தேடிய பயணி

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கடிகாரத் தொழிலதிபர் ஒருவரின் மகனாக, 1844 ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் ஹென்றி மோசர். தந்தையின் தொழிலைக் காட்டிலும் பயணமே அவரைப் பெரிதும் ஈர்த்தது. நடு ஆசியாவின் புல்வெளிகளையும் புகாரா, கீவா முதலிய நகரங்களையும் பாரசீக நாட்டையும் கடந்து அவர் பலமுறை பயணம் செய்தார். அப்பயணங்களைப் பற்றி 1885 இல் நூலொன்றும் வெளியிட்டார்.

கீழை நாடுகளின் கலைப்பொருள்களை அவர் ஆர்வத்துடன் தொகுத்தார். அவற்றுள் வாள்களும் குறுவாள்களும் கவசங்களும் தனியிடம் பெற்றன. அத்தொகுப்பிலிருந்த படைக்கலங்களைப் படங்களுடன் விளக்கும் பட்டியல் நூல் 1912 இல் வெளிவந்தது. ஈராண்டுகள் கழித்து, 1914 இல், தம் தொகுப்பை பெர்ன் நகர வரலாற்று அருங்காட்சியகத்திற்கே அவர் வழங்கினார். தனியொருவரின் உடைமையாக இருந்த செல்வம் இவ்வாறு பொதுமக்களின் உடைமையாயிற்று.

நீரோட்டம் பாய்ந்த எஃகு

மோசர் தொகுத்த வாள்களுள் சில ‘டமாஸ்கஸ் வாள்கள்’ என்று ஐரோப்பியரால் அழைக்கப்பட்டவை. அவ்வாள்களின் அலகில் ஒரு வியப்பைக் காணலாம். இரத்தினத்துள் நீரோட்டம் தோன்றுவதுபோல, எஃகின் மேற்பரப்பில் மெல்லிய அலைகள் ஓடும். சிலவற்றில் ஏணிப் படிகளைப்போன்ற குறுக்குக் கோடுகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். இவை மேலே தீட்டப்பட்ட ஓவியங்கள் அல்ல. எஃகின் உடலுக்குள்ளேயே அமைந்தவை. அலகைத் தேய்த்து மெருகிட்டு, மென்மையான அமிலக் கரைசலைத் தடவும்போது அவை கண்ணுக்குப் புலனாகும்.

அலை அலையான தோற்றமுடைய வாள்கள் பிற நாடுகளிலும் உண்டு. இந்தோனேசியாவின் ‘கிரிஸ்’ என்னும் குறுவாளில், வெவ்வேறு வகை இரும்புத் தகடுகளை அடுக்கி ஒன்றாக அடித்து இணைப்பதால் அழகிய கோலங்கள் உருவாகின்றன. ஜப்பானிய வாட்கொல்லர்கள் எஃகைப் பன்முறை மடித்து அடித்தனர். அதனால் அலகில் மரத்தின் வரிகளைப்போன்ற தோற்றம் உண்டாயிற்று. டமாஸ்கஸ் வாளோ இவ்விரு முறைகளாலும் ஆக்கப்பட்டதன்று. ஒரே எஃகுக் கட்டியிலிருந்து அடித்து நீட்டப்பட்டது அது. தகடுகளை அடுக்காமலேயே ஒரே கட்டியினுள் இத்தனை வரிகள் எவ்வாறு தோன்றின? ஐரோப்பிய அறிஞர்களை நெடுங்காலம் வாட்டிய வினா இதுவே.

மண்கலத்தில் பிறந்த உருக்கு

பெயரில் டமாஸ்கஸ் நகரம் இடம்பெற்றிருந்தாலும், இவ்வாள்களுக்குரிய எஃகின் பிறப்பிடங்களுள் முதன்மையானது தென்னிந்தியா. இரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த மரத்துண்டுகளையும் இலைகளையும் சேர்த்து, சிறிய களிமண் கலத்தினுள் இடுவர். உலோகத்தை உருக்கும் அக்கலத்திற்கு ‘மூசை’ என்று பெயர். அதன் வாயைக் களிமண்ணால் மூடி, உலையில் வைத்துப் பல மணி நேரம் துருத்தியால் ஊதிச் சூடேற்றுவர். மரமும் இலையும் கரியாகி, அக்கரியிலுள்ள கார்பன் இரும்புடன் கலக்கும். அதனால் இரும்பு உருகி எஃகாகும். பின்னர் அதனை மெல்ல ஆறவிடுவர். இவ்வாறு கிடைக்கும் சிறு கட்டியில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கார்பன் அடங்கியிருக்கும்.

தமிழில் ‘உருக்கு’ என்றும் கன்னடத்தில் ‘உக்கு’ என்றும் வழங்கும் சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘ஊட்ஸ்’ எனத் திரிந்ததாக அறிஞர் கருதுகின்றனர். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், பழந்தமிழர் இரும்பையும் எஃகையும் உருவாக்கிய உலைகளை வெளிப்படுத்தியுள்ளன. தென்னிந்திய எஃகுக் கட்டிகள் கடல் கடந்து மேற்கு ஆசியா சென்றன. அரபு மொழியில் ‘முஹன்னத்’ என்னும் சொல் இந்திய எஃகாலான வாளைக் குறிக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். உலைக்களத்தில் கட்டியை ஆக்கியவர் ஒரு நாட்டினர். அதனை வாளாக அடித்தவர் வேறு நாட்டினர். அதனை ஏந்தியவர் மற்றொரு நாட்டினர். ஒரு வாளின் அலகில் இத்தனை நாடுகளின் உழைப்பு ஒன்றுகூடியிருந்தது.

மறைந்துபோன கலை

பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட ஊட்ஸ் எஃகுக் கட்டிகளை ஆராய்ந்து, 1795 இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் கழகத்தில் கட்டுரை வழங்கினார். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, 1819 இல் அவ்வெஃகைப் பகுத்தாய்ந்தார். வாட்கருவிகள் செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் இணைந்து அதனைப்போன்ற எஃகை உருவாக்கவும் முயன்றார். அவர்களது முயற்சி ஊட்ஸ் எஃகின் மறைபொருளை முழுமையாக விளக்கவில்லை. ஆயினும், உலோகக் கலப்பெஃகு பற்றிய ஆய்வுக்கு அது வழிவகுத்தது.

இதற்கிடையே, மூசையில் எஃகு உருக்கிய ஊர்களில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நீரோட்ட வாள் செய்யும் கலை வழக்கொழிந்தது. துப்பாக்கி பரவியதால் வாளின் தேவை குறைந்தது. ஐரோப்பிய ஆலைகளின் மலிவான எஃகு சந்தையை நிறைத்தது. கொல்லர்களின் கைத்திறன் வாய்மொழியாகவே தலைமுறைகளுக்குக் கைமாறியதால், கற்பதற்கு மாணாக்கர் இல்லாதபோது அக்கலையும் அவர்களுடனேயே மறைந்தது. எஞ்சியவை வாள்கள் மட்டுமே. வினாவுக்கு விடை சொல்லக்கூடிய சான்றுகளும் அவை மட்டுமே.

அறுக்க இசைந்த மனம்

ஒரு வாளின் உள்ளமைப்பை அறிய வேண்டுமாயின், அதனை வெட்டி, வெட்டுவாயை மெருகிட்டு நுண்ணோக்கியின்கீழ் வைத்துக் காணவேண்டும். அதன் சேர்மானத்தை அறிய, அதன் ஒரு பகுதியைக் கரைத்துப் பகுத்தாய வேண்டும். அந்நாளில் வேறு வழி இல்லை. அரிதின் முயன்று தேடிய வாளை அறுப்பதற்கு எந்தச் சேகரிப்பாளர் இசைவார்? ஒருமுறை அறுத்த வாள் மீண்டும் முழுமையாகாது. மேலும், அவ்வாறான வாளைப் புதிதாகச் செய்து தரவல்ல கொல்லரும் அப்போது இல்லை.

மோசர் இசைந்தார். சுவிட்சர்லாந்து உலோகவியலறிஞர் பெர்ன்ஹார்டு சோக்கெயிடம் 4 வாள்களையும் 2 குறுவாள்களையும் அவர் ஒப்படைத்தார். சோக்கெ அவற்றை அறுத்து, வேதியியல் சேர்மானத்தையும் உள்ளமைப்பையும் ஆராய்ந்து, 1924 இல் முடிவுகளை வெளியிட்டார். மோசர் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். தாம் விட்டுக்கொடுத்த வாள்களைப் பற்றிய கட்டுரை அச்சேறியதை அவர் காணவில்லை.

சோக்கெயின் ஆய்வும் முழு விடையை அளித்துவிடவில்லை. எனினும், எஞ்சிய துண்டுகளை எவரும் குப்பையில் எறியவில்லை. அவை பெர்ன் அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கப்பட்டன. இச்செயலே பின்னாளில் பெரும்பயன் விளைத்தது.

துண்டுகள் பேசின

ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்னும் வாட்கொல்லரும் இணைந்து, மறைந்த கலையை மீட்க முயன்றுகொண்டிருந்தனர். ஒருவர் ஆய்வகத்தில் கற்றவர். மற்றவர் உலைமுன் நின்று கற்றவர். பெர்ன் அருங்காட்சியகம், சோக்கெ ஆராய்ந்த 4 வாள்களிலிருந்தும் சிறு துண்டுகளை வெர்ஹோவனுக்கு வழங்கியது.

புதிய கருவிகள், பழைய கருவிகளுக்கு எட்டாததைக் காட்டின. அவ்வெஃகில் வனேடியம் முதலிய தனிமங்கள் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தன. உருகிய எஃகு மெல்லக் குளிரும்போது இத்தனிமங்கள் எங்கும் சீராகப் பரவாமல் வரிசை வரிசையாக ஒதுங்குகின்றன. கொல்லர் மிதமான சூட்டில் மீண்டும் மீண்டும் சூடேற்றி அடிக்கும்போது, இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான கார்பைடு துகள்கள் அவ்வரிசைகளின்மீது திரள்கின்றன. அத்துகள்களின் அணிவகுப்பே அலகில் அலையாகத் தோன்றுகிறது. இவ்விளக்கத்தை அவர்கள் 1998 இல் வெளியிட்டனர். விளக்கியதோடு நில்லாமல், அத்தகைய அலகுகளைத் தாமே உருவாக்கியும் காட்டினர். வனேடியம் கலந்த தாது கிடைக்காமற்போனதும் இக்கலை மறைந்ததற்கு ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

2006 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், பெர்ன் தொகுப்பைச் சேர்ந்த பதினேழாம் நூற்றாண்டு வாளொன்றின் துண்டில் கார்பன் நானோகுழாய்கள் உள்ளதாக அறிவித்தனர். அதனை அறிஞர் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அறிவியல் வளரும் முறை அதுதான்; ஐயம் எழும், மீண்டும் ஆய்வு நிகழும். அவ்வாறு மீண்டும் ஆராய்வதற்குத் துண்டு எஞ்சியிருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சேகரிப்போர் கடன்

பழைய வாளுக்கு விலை மதிப்பு உண்டு. அதனால் போலிகளும் உண்டு. அசாதுல்லா என்னும் புகழ்பெற்ற பாரசீகக் கொல்லரின் பெயர், ஒருவர் தம் வாழ்நாளில் செய்திருக்க இயலாத அளவு மிகுதியான வாள்களில் பொறிக்கப்பட்டுள்ளது. பெயரை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். பளபளப்பை விரும்பி முரட்டுத்தனமாகத் தேய்ப்போர், அலகின் சான்றுகளை அழித்துவிடுவர். ஜப்பானிய வாளில், பிடியினுள் மறைந்திருக்கும் அடிப்பகுதியின் துருவைத் துடைத்தலாகாது என்பது அறிந்தோர் வழக்கம். வாளின் வயதை மதிப்பிட அத்துருவும் உதவுகிறது.

வாள் எங்கே கிடைத்தது, எவரிடமிருந்து வந்தது என்னும் குறிப்பும் வாளளவு மதிப்புடையது. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன், உலகப் படைக்கலங்களின் பெயர்களையும் பயன்பாட்டையும் தொகுத்து 1934 இல் பெருநூல் வெளியிட்டார். அவரது தொகுப்பு நியூயார்க் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. வாளோடு அறிவையும் சேர்த்து வழங்கிய தொகுப்பாளர் அவர்.

புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மின்னும் வேல்களையும், போரில் நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் ஔவையார் அருகருகே நிறுத்துகிறார். சிதைவு இழிவன்று, பயன்பட்டதன் அடையாளம் என்பது அப்பாடலால் விளங்கும். பெர்ன் அருங்காட்சியகத்தின் அறுபட்ட வாள்களும் அத்தகையனவே. முழுமையாக நின்றிருந்தால் அவை காண்போர் கண்ணுக்கு விருந்தாகியிருக்கும். அறுபட்டதால், பெயர் தெரியாத தென்னிந்தியக் கொல்லர்களின் அறிவுக்குச் சான்றாயின.

தெரிந்து தெளிவோம்

நீரோட்ட எஃகை அளவுக்கு மிஞ்சிச் சூடேற்றினால் கார்பைடு துகள்கள் கரைந்து அலைகள் மறைந்துவிடும். ஆகவே, சூட்டின் அளவைத் தணலின் நிறம் கண்டே உணர்ந்த கொல்லர்களின் கூர்ந்த பார்வை, இக்கலையின் உயிர்நாடியாக விளங்கியது.

கற்பவை கற்றபின்…

1. ‘அரும்பொருளை ஆய்வுக்காகச் சிதைக்கலாமா?’ என்னும் பொருளில் இருதரப்பாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் பகுதியிலுள்ள கொல்லுப்பட்டறைக்குச் சென்று, கருவிகளின் பெயர்களையும் தொழில்சார்ந்த சொற்களையும் கேட்டுத் தொகுத்துப் பட்டியலிடுக.

3. உங்கள் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அது எவரிடமிருந்து எவ்வாறு வந்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.