என் பெயரில் இன்னொருவர்

கேள்வி: என் படத்தை வைத்து யாரோ போலி ஃபேஸ்புக் கணக்கு தொடங்கி, தெரிந்தவர்களிடம் பணம் கேட்கிறார்கள். மானம் போகிறது. என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வெட்கப்பட வேண்டியது அந்தத் திருடன், நீங்கள் இல்லை. ‘அது நான் அல்ல, பணம் அனுப்பாதீர்கள்’ என்று உங்கள் பக்கத்திலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் உடனே போடுங்கள். போலிக் கணக்கு மறைவதற்குள் அதன் லிங்க்கைக் குறித்துக்கொண்டு, பணம் கேட்ட உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தக் கணக்கின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ரிப்போர்ட் செய்யுங்கள். நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள். உங்கள் நண்பர்கள் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படுவதுதான் இந்த மோசடிக்காரர்களுக்கு வசதி, அதை மறைத்துவிடுங்கள். தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுங்கள். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. யாரேனும் பணம் அனுப்பியிருந்தால், அது கைமாறுவதற்குள் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.