கைராசிக்கு மார்க் கிடையாது

விடியுமுன்பே காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்கள் கேரள மலைக்குக் கிளம்பிவிடும். பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள் உடம்பு வலி, காய்ச்சல் என்றால் முதலில் போவது பக்கத்துத் தெரு கிளினிக்குக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோதான். கம்பம் பெரியாஸ்பத்திரி அதற்கு அடுத்து. க.விலக்கில் இருக்கும் தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, எல்லாம் கைமீறிப் போனால் மட்டும். ஆக, ஊர் டாக்டரின் அறைதான் நம்மில் பலருக்கு மருத்துவத்தின் முதல் வாசல். அந்த வாசலை யாராவது சோதிக்கிறார்களா, சோதித்தால் எதைப் பார்க்கிறார்கள் என்பது பற்றித் திண்ணைப் பேச்சில் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: “அவர் கைராசிக்காரர். அவரைப் போய் என்ன சோதிக்கிறது?”

உண்மை: ஆய்வுக்கு வருகிறவர் டாக்டரின் கைராசியை அளக்க வருவதில்லை. ஒருவருக்குப் போட்ட ஊசி பிறகு எங்கே போகிறது, திடீரென்று ஒருவர் மயங்கி விழுந்தால் ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, அவசரப் பெட்டியிலிருக்கும் அட்ரினலின் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கவே வருகிறார். டாக்டர் லீவில் போன நாளிலும் இவையெல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

ஊர் மெச்சும் டாக்டர் என்பது மட்டும் எதற்கும் சாட்சி ஆகாது. இங்கிலாந்தில் ஹைட் என்ற சிறு நகரில் தனியாகக் கிளினிக் நடத்தியவர் ஹரால்டு ஷிப்மேன். வீடு தேடி வந்து பார்ப்பார் என்று நோயாளிகள் அவரைக் கொண்டாடினார்கள். 2000-ல் 15 கொலைகளுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை, அவரால் இறந்தவர்கள் ஏறத்தாழ 250 பேர் என்று கணித்தது. 1998-லேயே இவருடைய நோயாளிகளின் தகனப் படிவங்கள் அளவுக்கு மீறி வருகின்றனவே என்று பக்கத்துக் கிளினிக் டாக்டர் ஒருவர் எச்சரித்திருந்தார். ஊரின் பாசத்துக்குத் தெரியாமல் போனது ஒரு காகிதக் கணக்குக்குத் தெரிந்தது. லட்சத்தில் ஒரு டாக்டர்கூட இப்படி இருக்கமாட்டார். ஆனாலும் பதிவேடு எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இன்று இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்ப டாக்டர் நிலையத்தையும் தனி ஆணையம் ஒன்று ஆய்வு செய்து, தரத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது.

நம்பிக்கை 2: “சட்டமெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். ஒரு மேஜை, ஒரு பெஞ்ச் போட்ட கிளினிக்குக்கு என்ன சட்டம்?”

உண்மை: தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. விதிகள் இல்லாமல் இருபது ஆண்டுக்கு மேல் அது தூங்கியது. 2018-ல் சட்டம் திருத்தப்பட்டு விதிகளும் வந்தன. அப்போது சட்டத்தின் பெயரிலிருந்த ‘தனியார்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அதனால் அரசு மருத்துவமனையும் இதற்குள் வந்தது. ஒற்றை அறை கிளினிக்கும், ரத்தப் பரிசோதனை லேபும் மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நீங்களே பார்க்கக்கூடிய அடையாளமும் ஒன்று உண்டு. மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி டாக்டரின் பதிவு எண் கிளினிக்கில் தெரியும்படி இருக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகளைவிட அந்த எண் முக்கியம். போலி டாக்டரிடம் பலகை இருக்கும், ஸ்டெதஸ்கோப் இருக்கும். உண்மையான பதிவு எண் மட்டும் இருக்காது.

நம்பிக்கை 3: “இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சுண்ணாம்பு அடித்து, கோலம் போட்டு, சாப்பாடு வாங்கிக் கொடுப்பது.”

உண்மை: சுண்ணாம்பு அடிப்பது இன்னும் ஒழியவில்லை. ஆனால் அதற்கு மார்க் அதிகம் விழாது. அரசு நிலையங்களுக்கான தேசியத் தர உறுதி அளவுகோல்கள் 2013-ல் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்து, பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விரிந்தன. நோயாளியின் உரிமை, சிகிச்சை, தொற்றுத் தடுப்பு என்று எட்டுத் தலைப்புகள். முழுமையாக இருந்தால் 2, அரைகுறை என்றால் 1, இல்லையென்றால் 0.

மார்க் போடுவதற்கு வழிகள் நான்கு: கண்ணால் பார்ப்பது, பணியாளரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் விசாரிப்பது. நர்ஸிடம் கை கழுவிக் காட்டச் சொல்வார்கள். தரை துடைக்கும் அம்மாவிடம், ரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். டாக்டர் சரியாகச் சொல்லி, அந்த அம்மாவுக்குத் தெரியவில்லையென்றால் மார்க் குறையும். பதிவேடும் பேசும். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் ஒரு மாத வெப்பநிலைக் குறிப்பு முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே 4 டிகிரி என்றிருந்தால், அனுபவப்பட்ட ஆய்வாளருக்கு அது நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை 4: “ஊசி போட்டால்தான் கேட்கும். புது ஊசி என்றால் பயமில்லை.”

உண்மை: இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது. நாளைக்கு ஜீப் ஏறாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால்தான் “ஒரு ஊசி போட்டுவிடுங்க சார்” என்கிறோம். சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரையே போதும். கேட்டதற்காகப் போடும் ஊசி ஒவ்வொன்றும் தேவையில்லாத ஆபத்து.

ஊசிமுனையை மட்டும் மாற்றினால் போதாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் சிரிஞ்சின் குழாய்க்குள்ளும் ஏறும். ஆகவே சிரிஞ்ச், முனை இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். பலருக்குப் பொதுவான மருந்துப் புட்டியில் ஏற்கெனவே குத்திய சிரிஞ்சை மறுபடி நுழைத்தால் அந்தப் புட்டி முழுக்கக் கெட்டது. 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் இப்படி ஊசி மூலம் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். 2018-ல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் பட்டம் இல்லாத ஒருவர் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதாகப் புகார் எழுந்தது. 30-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. மலிவாகவும் கைராசியாகவும் ஊசி போடுகிறவர் என்று நம்பித்தான் மக்கள் அவரிடம் போனார்கள்.

போட்ட பிறகு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிமுனை குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். முனை நீக்கிய சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளுக்கு, கண்ணாடிப் புட்டி நீலத்துக்கு. பேரூராட்சிக் குப்பை வண்டியில் ஒரு ஊசி கிடந்தால் அது குத்துவது தூய்மைப் பணியாளரின் கையை.

நம்பிக்கை 5: “ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. தடுப்பூசி நல்லாத்தான் இருக்கும்.”

உண்மை: தடுப்பூசி 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், டி.டி. இரண்டும் உறைந்துவிட்டால் வீண். புட்டியின் மேல் இருக்கும் சிறு சதுரம் நிறம் மாறினால் சூடுபட்டது தெரியும். உறைந்ததை அது காட்டாது. எனவேதான் காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறிக்கும் அந்த நோட்டு முக்கியம். வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்: ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

நம்பிக்கை 6: “சான்றிதழ் மாட்டியாச்சு, இனி கவலையில்லை.”

உண்மை: தேசியத் தரச் சான்றுக்கு மொத்தத்தில் குறைந்தது 70 சதவீதம் வேண்டும். பிரசவ அறையில் வாங்கிய மார்க்கைக் கொண்டு லேபின் ஓட்டையை அடைக்க முடியாது. ஒவ்வொரு பிரிவும் தனியே தேற வேண்டும். சான்றின் ஆயுள் மூன்றாண்டுதான். இடைப்பட்ட ஆண்டுகளிலும் மறு ஆய்வு உண்டு. சுவரில் சான்றிதழைப் பார்த்தால் முதலில் தேதியைப் படியுங்கள். அது ஆய்வு நடந்த நாளின் புகைப்படம். இன்றைய நிலவரம் ஊசிப் பெட்டியிலும் வெப்பநிலை நோட்டிலும் இருக்கிறது.

நம்பிக்கை 7: “குறை சொன்னால் டாக்டர் மனசு சங்கடப்படும். கேட்டால் ‘எல்லாம் நல்லாருக்கு’ன்னு சொல்லிடணும்.”

உண்மை: மார்க் போடும் நான்கு வழிகளில் நான்காவது நீங்கள்தான். பெஞ்சில் காத்திருக்கும் ஒரு பாட்டியிடம், “இந்த மாத்திரையை எப்போ போடணும்னு சொன்னாங்க?” என்று ஆய்வாளர் கேட்பார். “தங்கமான டாக்டர்யா” என்று பாட்டி சொன்னால், அது அன்பு. அதற்கு மார்க் போடக் கட்டம் இல்லை. “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகுன்னு சொன்னாக” என்றால் அந்த டாக்டருக்கு 2 மார்க்.